ஒலிப்பதிவில் இல்லாத மூன்றாவது அழைப்பு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதையை நான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுத்தேன். திருடியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் வேலியில் பாதி எங்களுடையது. எங்கள் மிளகுக்கொடி பெருமாயி வீட்டுச் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கிறது. அவர்கள் வீட்டுப் பேச்சு எங்கள் பக்கம் இறங்குகிறது. இரண்டுக்கும் சரியாகிவிட்டது.

பெருமாயியின் மகள் தேன்மொழிக்கு விமான நிலையத்தில் வேலை. எங்கள் வாசலூர்பட்டியில் முக்கால்வாசிப் பேர் அவள் விமானத்துக்குள் தண்ணீர் கொடுக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. உயரமான கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது இறங்கலாம், எந்த வண்டி ஓடுபாதையை எப்போது கடக்கலாம் என்று ரேடியோவில் உத்தரவு போடுகிறவள். அப்படிப்பட்டவள், திருவிழாவும் கல்யாணமும் இல்லாத மாதத்தில், ஒரே ஒரு பையோடு மலையேறி வந்து, பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி என்ன செய்வாள்? மிளகு பறிப்பாள். வேலியோரமாகவே பறிப்பாள். பறித்த கொடியிலேயே மறுபடி பறிப்பாள்.

இனி என்னைப் பற்றிப் பேச மாட்டேன். (பேசுவேன். ஆனால் குறைத்துக்கொள்கிறேன்.)

2

எங்கே தொடங்குவது?

"அன்று விடியற்காலை ஓடுபாதையின் மேல் பனி ஒரு வெள்ளைப் போர்வையைப் போல"

வேண்டாம். பனியைப் போர்வை என்கிறவர்கள் அதற்குள் நடந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"நூற்று அறுபத்து நான்கு பேரைச் சுமந்துகொண்டு அந்த விமானம்"

இதுவும் வேண்டாம். நீங்கள் இப்போதே விபத்துக்குத் தயாராகிவிடுவீர்கள். விபத்து நடக்கவில்லை. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

வெளிச்சம் பாதி வந்திருந்த நேரம். ஓடுபாதையில் கல்லோ செத்த பறவையோ கிடக்கிறதா என்று பார்க்கும் ஜீப் ஒன்று, வேலையை முடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றது. ரேடியோவில் அதன் பெயர் 'ஜீப் டூ'. ஓட்டுநர் கார்த்தி எங்கள் மலைக்காரன்தான், எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே நாலாவது வீடு. எதிர்ப்பக்கம் போக அனுமதி கேட்டான். தேன்மொழி சொன்னது இவ்வளவுதான்: "இறங்குகிற விமானம் போனதும் கடந்து போகலாம்."

அவள் மனதில் இருந்தது பெரிய பயணிகள் விமானம். கார்த்தியின் கண்முன்னே அப்போது இறங்கி ஓடியது ஒரு சின்னப் பயிற்சி விமானம். அது போனது. அவன் வண்டியை எடுத்தான்.

எந்த விமானம் என்று அவள் பெயர் சொல்லியிருக்க வேண்டும். கேட்டவன் உத்தரவை வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். திருப்பிச் சொல்லாத வரைக்கும் அந்தத் தொழிலில் உத்தரவு போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னால் அதற்குப் பெயர் நையாண்டி. கார்த்தி, "ரோஜர் மேடம்" என்று முடித்துக்கொண்டான்.* அவளும் விட்டுவிட்டாள்.

(* ரோஜர் என்றால் 'நீங்கள் பேசியது காதில் விழுந்தது' என்று மட்டும்தான் பொருள். புரிந்தது என்றோ, செய்கிறேன் என்றோ அல்ல. என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாக என்னிடம் சொல்லிவரும் 'ம்' எது என்று எனக்கு இப்போதுதான் விளங்கியது.)

பெரிய விமானம் தரையைத் தொட அரை நிமிடம் இருந்தது. கோபுரக் கண்ணாடிக்கு வெளியே, ஓடுபாதையின் நட்டநடுவில், ஜீப்பின் மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. பாதையில் ஏதோ கிடப்பதுபோல் தெரிந்து கார்த்தி வண்டியை நிறுத்தியிருந்தான். அங்கே எதுவும் கிடக்கவில்லை.

"ஜீப் டூ, ஓடுபாதையை விட்டு உடனே வெளியேறு" என்றாள். பதில் இல்லை. மறுபடி சொன்னாள். பதில் இல்லை. பிறகு பதினான்கு வினாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு கார்த்தியின் குரல்: "ஜீப் டூ, வெளியே வந்துட்டேன்." அதற்கு ஒன்பது வினாடி கழித்து விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டது.

ஒலிப்பதிவை வைத்து விசாரணைக் குழு இப்படித்தான் நொடி நொடியாகக் குறித்திருக்கிறது. குறித்துவிட்டு அவளை ஒரே கேள்வி கேட்டது. முதல் தரம் பதில் வராதபோதே விமானத்தை ஏன் திரும்ப மேலே அனுப்பவில்லை?

3

விசாரணைக் குழுவுக்குத் தெரியாத பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் நாலைந்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. (மலை முழுக்க என்று எழுதிவிடாதீர்கள், அடுத்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.) யாராவது கூப்பிட்டால் முதல் தரம் குரல் கொடுக்க மாட்டோம். இரண்டாம் தரமும் மாட்டோம். மூன்றாம் தரம்தான் வாயைத் திறப்போம். பனி இறங்கிய சரிவில் கூப்பிடுவதெல்லாம் மனிதர்கள் அல்ல, மற்றவை இரண்டு தரத்துக்குமேல் கூப்பிடாது என்பது நம்பிக்கை. படித்தவர்கள் எதிரொலி என்கிறார்கள். ஒற்றை மூங்கில் ஏணியில் நாற்பது அடி உயரத்தில் நின்று மிளகு பறிக்கிறவன், கூப்பிட்ட குரலுக்கெல்லாம் திரும்பினால் ஏணியோடு கீழே வந்துவிடுவான், அதற்காக வைத்ததுதான் என்பது என் கட்சி. காரணம் எதுவானாலும் பழக்கம் போகவில்லை. பக்கத்துச் செம்மேட்டில் பேங்க்காரர்கள் எங்கள் ஊர் ஆட்களின் டோக்கனை மூன்று தரம் கூப்பிடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

தேன்மொழிக்குப் பயிற்சிக் கூடத்தில் அதை உரித்து எடுத்துவிட்டார்கள். கார்த்தியை யாரும் உரிக்கவில்லை. வழக்கமான வேலையில் நாலு பேச்சுக்குப் பழகிக்கொண்டான். ஆனால் பயந்துபோனால் மனிதன் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறான், அல்லவா? நடு ஓடுபாதையில் நின்றுகொண்டு அவன் மலைக்குத் திரும்பிவிட்டான்.

வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் முதல் மௌனத்திலேயே விமானத்தை மேலே அனுப்பியிருப்பாள். தேன்மொழி மட்டும்தான் இப்படி நினைத்திருக்க முடியும்: 'நம்மூர்க்காரன். மூன்றாவதுக்குக் காத்திருக்கிறான். இன்னும் ஒரு தரம் கூப்பிட்டால் வந்துவிடுவான்.' கூப்பிட வாயைத் திறந்தாள். விரல் பேசும் பொத்தானின் மேலேயே இருந்தது. ஆனால் அழுத்தவில்லை, ஏனென்றால்

(இந்த இடத்தில் நான்கு தாள் கிழித்தேன். ஏன் அழுத்தவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது.)

4

கார்த்தி தேன்மொழியைப் பார்க்க வந்தது செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு. அன்று விழுந்த பனியில் ஏரியின் படகு வீட்டையே மூடிவிட்டார்கள். பைக் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது, பைக் தெரியவில்லை.

அவனுக்கு வாசலில் நின்றதும் ஒரு சிக்கல். அவளை எப்படிக் கூப்பிடுவது?

"மேடம்," என்றான்.

"உள்ள வாங்கண்ணா. இங்க எதுக்கு மேடம் கீடம்?"

"அங்க கூப்புட்டுப் பழகிப்போச்சு அம்முணி." வேலிப் பக்கத்து ஜன்னலோரமாக உட்கார்ந்தான். "என்னைய வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. தெரியுமா?"

"தெரியுங்கண்ணா."

"கூப்புட்டும் கண்டுக்காம நின்னவன்னு பேப்பர்ல ஏறிருச்சுன்னா, அப்பறம் எவன் எனக்கு வண்டி குடுப்பான்? டவுன் பஸ்கூட ஓட்ட முடியாது. நீ ஒரு வரி எழுதிக் குடு, போதும். மூணு தரம் கூப்புட்டேன், மூணாவதுக்கு வண்டிய எடுத்துட்டாருன்னு."

"டேப்புல ரெண்டுதானுங்களே இருக்குது."

"டேப்பு கெடக்குது. நான் காதுல கேட்டனே."

பெருமாயி உள்ளேயிருந்து வேகவைத்த குச்சிக்கிழங்கைத் தட்டோடு கொண்டுவந்து நடுவில் வைத்தாள். "சூட்டோட தின்னுபோட்டுப் பேசுங்க. ஏரோப்ளேன் எங்கயும் போயிராது."

யாரும் கிழங்கைத் தொடவில்லை. தேன்மொழி கேட்டாள்: "அண்ணா, ரேடியோவுல உங்களப் பேர் சொல்லி நான் என்னைக்காச்சும் கூப்புட்டிருக்கனா?"

"இல்ல. அதான் எனக்கும் ஒரு மாதிரியாப் போச்சு. மொதல்ல ரெண்டு தரம் ஜீப் டூ, ஜீப் டூன்னே. மூணாவது, 'கார்த்திண்ணா, நின்னது போதும், வெளிய வாங்க'ன்னே. நம்மூர்ப் பேச்சு, உன்ற கொரலு. அத்தன ஆபீசருங்க கேக்கற ரேடியோவுல இந்தப் புள்ள இப்புடிக் கூப்புடுதேன்னு எனக்குக் கூச்சமாப் போச்சு. அந்தக் கூச்சத்துலயே வண்டிய எடுத்துட்டேன்."

தேன்மொழி கிழங்குத் தட்டை ஓரமாக நகர்த்தினாள்.

"நான் கூப்புடலீங்கண்ணா."

"கூப்புடலையா?"

"இல்லீங்க."

"அப்ப நீ கூப்புட்டது ரெண்டே தரம்."

"ஆமாங்க."

"ரெண்டோட நிறுத்திட்டே."

"ஆமாங்க."

கார்த்தி அவளை நெற்றியிலிருந்து கால்வரை மெதுவாகப் பார்த்தான். காலில் பார்வை நின்றது. எழுந்தான்.

"சரிங்க மேடம். நான் வாரனுங்க."

வாசல்வரை பின்பக்கமாகவே நடந்தான். அவளுக்கு முதுகைக் காட்டவில்லை. பைக்கைக் கிளப்பாமல் உருட்டிக்கொண்டே பனிக்குள் போனான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் கொடியை விட்டுவிட்டு ஓரடி பின்வாங்கினேன். இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டு நிறுத்துவது எது என்று எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

5

இந்தப் பகுதியில் கார்த்தியைச் சந்தேகப்படுவதாக இருந்தேன். கதை எழுதுகிறவள் யாரையாவது சந்தேகப்பட்டுத்தானே ஆக வேண்டும்? வேலை போகிற பயத்தில் மூன்றாவது அழைப்பை அவனே உண்டாக்கிக்கொண்டான் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டேன். நன்றாகவே வந்திருந்தது. பிறகு அந்தக் கூச்சம் இடித்தது. பொய் சொல்கிறவன் தன் வசதிக்குப் பயத்தைச் சேர்ப்பான், வீரத்தைச் சேர்ப்பான். கூச்சத்தைச் சேர்க்க மாட்டான். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

வேறு யாராவது அதே அலைவரிசையில் பேசியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். விசாரணைக் குழுவும் அதைத்தான் முதலில் தேடியது. யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் ஒலிப்பதிவில் விழுந்திருக்கும். அந்தப் பதினான்கு வினாடியில் காற்று இரைகிற சத்தம் மட்டும் இருக்கிறதாம்.

6

"அக்கா, அங்கதான இருக்கறீங்க?"

மாட்டிக்கொண்டேன். "மெளகு பறிக்கறேன் கண்ணு."

"காயி இன்னும் முத்தவேயில்லீங்களேக்கா."

வேலியோரமாக வந்து நின்றாள் தேன்மொழி. கையில் ஒரு பேனா, மூடி இல்லாமல். பத்து நாளில் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"கேட்டுட்டீங்கதான?"

"ஏதோ காதுல விழுந்துச்சு."

"அப்ப மிச்சத்தையும் கேட்டுக்கங்க. உள்ள சொல்ல முடியாது, அம்மா பயந்துக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "மூணாவது எனக்கும் கேட்டுச்சுங்கக்கா."

"ரேடியோவுலயா?"

"இல்லீங்க. பின்னாடி. என்ற நாற்காலிக்குப் பின்னாடி. அங்க ஆளே கெடையாது. தண்ணிக் கேனும் செவுரும்தான்."

"யாரு கொரலு கண்ணு?"

"என்ற கொரலுதானுங்க. நான் கூப்புடறதுக்கு வாயத் தொறந்தேன். சத்தம் பின்னாடியிருந்து வந்துச்சு. கார்த்திண்ணா, நின்னது போதும், வெளிய வாங்கன்னு. அவரு இப்பச் சொன்னாரே, அதே வார்த்தை. ஒண்ணும் மாறல. அதனாலதான் நான் பொத்தானை அழுத்தல. கூப்புட்டாச்சுன்னு நெனச்சுட்டேன்."

(நான்கு தாள் கிழித்த இடத்துக்கு விடை இதுதான். இதை மூன்றாம் பகுதியிலேயே சேர்த்துக் கதையைச் செம்மையாக்கியிருக்கலாம். எனக்குத் தெரிந்த வரிசையிலேயே உங்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.)

"இத எழுதிக் குடுத்தா?" என்றேன்.

"ரெண்டு பேருத்துக்கும் ஒரே வார்த்தை கேட்டிருக்குதுன்னா, அவரு சொல்றது பொய்யின்னு யாரும் தள்ள முடியாது. சொன்னதக் கேட்டுத்தான் வண்டிய எடுத்தாருன்னு ஆயிரும். அண்ணனுக்கு வேலை போகாது." பேனாவால் வேலிக் கம்பியைத் தட்டினாள். "ஆனா, பின்னாடி கொரலு கேட்டுச்சுன்னு கையெழுத்துப் போட்டவள எந்த டாக்டரு மறுபடி அந்த நாற்காலியில உக்கார உடுவாரு? எங்களுக்கு வருசா வருசம் பரிசோதனை இருக்குதுங்க. அன்னைக்கோட என்ற வேலை முடிஞ்சுது."

"எழுதாட்டி?"

"எனக்கு ஆறு மாசம் சஸ்பென்சன், மறுபடி ட்ரெய்னிங். அவ்வளவுதான். அண்ணனுக்கு வேலையே இல்ல."

இவ்வளவும் அவள் நிதானமாகத்தான் சொன்னாள், விமானங்களை வரிசைப்படுத்துகிற குரலில். அதன்பிறகு கேட்டதுதான் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, நம்ம வழக்கப்படி மூணாந்தரம் கூப்புடறதுதான மனுசி?"

"ஆமா கண்ணு."

"அப்ப ரெண்டோட நின்ன நான் யாருங்கக்கா?"

முத்தாத மிளகுக் கொத்து ஒன்றைப் பறித்து மடியில் போட்டேன். பனி வேலியைத் தாண்டி எங்கள் இருவர் நடுவிலும் வந்தது. கொஞ்ச நேரத்துக்கு அவள் முகம் தெரியவில்லை, அவள் மூச்சு மட்டும் கேட்டது. அது அவள் நின்ற இடத்திலிருந்துதான் கேட்டதா என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடியது. சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கத் தோன்றியது என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

7

முடிவுகள். எழுதிப் பார்த்தவை.

அ) தேன்மொழி எதையும் எழுதாமல் விடுகிறாள். ஆறு மாதம் கழித்துக் கோபுரத்துக்குத் திரும்புகிறாள். கார்த்தி மலையில் யாருடைய ஜீப்பிலோ பலாப்பழம் ஏற்றிக்கொண்டு மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி ஏறுகிறான். வழியில் பெருமாயி வீட்டைத் தாண்டும்போது மட்டும் வேகமாகப் போகிறான். இந்த முடிவில் எந்தக் குறையும் இல்லை, அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. இப்படித்தான் எல்லாம் நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆ) எல்லாவற்றையும் எழுதுகிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். ஒருவர் சிரிக்கிறார். ஒருவர் கண்ணாடியைத் துடைக்கிறார். மூன்றாமவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தத் தண்ணீர்க் கேன் பக்கத்திலிருந்தா?" என்று கேட்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்று

இல்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். ஆனாலும் இது வித்தை. அந்த அதிகாரியை நான் பார்த்ததில்லை, அவர் வாயில் நானே வார்த்தையை வைக்கிறேன். உண்மையில் வேலை போகப்போகிறவர்கள் இருக்கிற கதையில் வித்தை காட்டுவது பாவம்.

இ) அந்தக் குரல் யாருடையது என்று நானே சொல்லிவிடுவது. மலைக்கதை என்றதும் நீங்கள் எதிர்பார்க்கிற தெய்வத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். நிறுத்தினால் உங்களுக்குப் பயம் தெளிந்துவிடும். அவளுக்குத் தெளியாதே.

8

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். தேன்மொழி ஓடிவந்தாள். பன்னிரண்டு நாளில் முதல்முறையாகத் தெருவுக்கு வந்திருக்கிறாள்.

"செம்மேட்டுக்குங்களாக்கா? இதப் போஸ்ட் ஆபீஸ்ல ஸ்பீடு போஸ்ட்டுல போட்டுருங்க. இன்னைக்குப் போனாத்தான் நாளனைக்குள்ள கெடைக்கும். விசாரணைக் குழுவுக்குக் கையெழுத்துப் போட்ட தாள்தான் வேணுமாம், மெயிலு ஆகாதாமா."

"நீயே வர்றதுதான கண்ணு?"

"நீங்களே போடுங்கக்கா," என்றாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள்.

உறை ஒட்டப்படவில்லை. மூடி உள்ளே செருகி மட்டும் இருந்தது. இந்த மலையில் என் கையில் ஒட்டாத உறையைக் கொடுக்கிறவர்கள் இரண்டே வகை. என்னைத் தெரியாதவர்கள் ஒன்று, நன்றாகத் தெரிந்தவர்கள் இன்னொன்று. தேன்மொழி என் கண்முன்னே பிறந்தவள்.

இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் பிரித்துவிட்டேன்.

ஒரே தாள். தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லியிருந்தார்களாம். சின்ன, நேரான எழுத்து. இறங்குவது எந்த விமானம் என்று பெயர் சொல்லாதது தன் தவறு என்று எழுதியிருந்தாள். ரோஜரோடு விட்டதும் தன் தவறு. பதில் வராதபோது விமானத்தை மேலே அனுப்பாதது பெரிய தவறு. எதையும் மழுப்பவில்லை. அதன்பிறகு, 'ஜீப் டூவை நான் இரண்டு முறை அழைத்தேன். அதற்குப் பிறகு' என்று இருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இரண்டு வரி அளவுக்கு வெறும் இடம். அதற்கும் கீழே தேதி, கையெழுத்து.

மறந்துவிட்டாள் என்று நினைக்க நான் முட்டாளில்லை. இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்திருக்கிறாள். தாளின் அந்த இடத்தைத் தடவினால் பென்சிலில் எழுதி அழித்து அழித்து மெலிந்திருப்பது விரலுக்குத் தெரிகிறது. ஊரார் வாயிலிருந்து விழுகிற எதையும் சேர்த்துக் கட்டி முழுசாக்கிவிடுகிறவள் நான் என்று தெரிந்துதான் என்னிடம் கொடுத்திருக்கிறாள். இந்த ருக்குமணி ஒரு கதையை அரைகுறையாக விட்டதாக இந்த ஊரில் சரித்திரமே கிடையாது.

இப்போது செம்மேடு போஸ்ட் ஆபீஸ். எனக்கு முன்னால் ஒரே ஒருவர். நான் பேனாவை எடுத்தேன். அந்த நேரான எழுத்து எனக்கும் வரும், அவளுக்கு ஒன்றாம் வகுப்பில் கை பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான். 'எனக்குப் பின்னால்' என்று எழுதினால் அவள் போய்விடுவாள். 'எதுவும் கேட்கவில்லை' என்று எழுதினால் அவன் போய்விடுவான். வெறுமையாகவே அனுப்பினால் குழு தானாக ஒன்றை எழுதிக்கொள்ளும். அது எது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டு விஷயங்களுக்கு நான் வரி சேர்த்திருக்கிறேன். ஒன்றில்கூட எடுத்த பேனாவைத் திருப்பி வைத்ததில்லை.

முன்னால் நின்றவர் நகர்ந்துவிட்டார். கவுண்டரில் இருக்கிற பெண் கையை நீட்டுகிறாள். இவ்வளவு தூரம் வேலிக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்று எல்லாவற்றையும் கேட்டது நீங்களும்தானே? தாளைப் பிடியுங்கள். இடம் கொஞ்சம்தான் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள்.

ஜீப் டூவை நான் இரண்டு முறை அழைத்தேன். அதற்குப் பிறகு

....................................................................

....................................................................

இப்படிக்கு,
பெ. தேன்மொழி